வெண்ணெய்ப் பிறை: ஒரு சுவை ஒப்பாய்வு

(வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் சங்கப் பாடல்களும் சிறுகதைகளும் மொழிபெயர்ப்பின் இடர்களும் பேசப்பட்டிருக்கின்றன. இன்று நான் ரொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னபோது செயலாளர் சற்றுத் தயங்கினார். தின்பண்டத்துக்கு இலக்கிய வட்டத்தில் என்ன வேலை என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. அவருக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கிறேன். சுவை என்ற சொல் முதலில் நாவுக்கு உரியது. அதைக் கவிதைக்குக் கடன் வாங்கியவர்கள் நாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டவர்களும் சுவை இன்னதென்று விளக்கப் புகும்போது உண்ணும் பொருளையும் அதை உணரும் நாவையும் சான்றாகக் காட்டுகிறார்கள். மாதந்தோறும் இங்கே கூடி, இந்தக் கவிதை நன்று, அந்தக் கவிதை அதனினும் நன்று என்று தீர்ப்புச் சொல்லும் நமக்கு, கடன் கொடுத்தவர் வீட்டை ஒருமுறை எட்டிப் பார்ப்பது தகும்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் குருவாசான். பிரெஞ்சு மொழியில் இதற்குப் பிறை என்று பொருள். நம் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று கேட்டால் குரோசன்ட், குரசான், கிராய்சன்ட் என்று பலவாறு ஒலிக்கிறது. பிரெஞ்சு ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதினால் குருவாசான் என்று வருகிறது. குருவும் ஆசானும் நடுவே ஒரு வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்தாற்போல இருப்பதால், இலக்கணம் பயின்ற அன்பர்கள் இப்பெயரை மறக்க மாட்டார்கள். ஈழத்துத் தமிழர்கள் பேக்கரிக்கு வெதுப்பகம் என்று ஓர் அழகிய சொல்லை வழங்குகிறார்கள். நம் பக்கத்தில் அது இன்னும் வேர் கொள்ளவில்லை. ஆகவே நான் பேக்கரி என்றே சொல்லிச் செல்கிறேன்.

கடந்த சில வாரங்களில் சிட்லபாக்கத்திலிருந்து புறப்பட்டுக் குரோம்பேட்டை, வேளச்சேரி, அடையாறு, நுங்கம்பாக்கம் என்று சென்று, ஒரு நாள் புதுச்சேரி வரையிலும் போய் இந்தப் பிறையைத் தின்று பார்த்தேன். பட்டியல் போட்டு முதலிடம் இரண்டாமிடம் கொடுக்கும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். வழியில், எதை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி பெரிதாகிவிட்டது. அந்தக் கேள்விதான் இவ்வட்டத்துக்கும் உரியது என்று கருதுகிறேன்.

முதலில் பண்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மைதா, பால் அல்லது நீர், சிறிது சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைப் பிசைந்து மாவைக் குளிர வைக்கிறார்கள். வெண்ணெயைத் தகடாகத் தட்டி அந்த மாவுக்குள் வைத்து மூடுகிறார்கள். உருளையால் நீளமாகத் தேய்த்து, கடிதத்தை உறையிலிட மடிப்பதுபோல் மூன்றாக மடிக்கிறார்கள். மறுபடியும் குளிர வைத்து, மறுபடியும் தேய்த்து, மறுபடியும் மூன்றாக மடிக்கிறார்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் 27 வெண்ணெய்ப் படலங்கள் உண்டாகின்றன. பிறகு முக்கோணமாக வெட்டிச் சுருட்டி, பொங்க விட்டு, ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். வெண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த நீர் அடுப்பில் ஆவியாகி ஒவ்வொரு மாவுத் தாளையும் மேலே தூக்குகிறது. கொழுப்பு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. ஈஸ்ட் உள்ளே தேன்கூடு போன்ற அறைகளைக் கட்டுகிறது. நாம் டீக்கடையில் தின்னும் பப்ஸுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இந்த ஈஸ்ட். பப்ஸில் அது கிடையாது; தாள் தாளாக உதிரும், உள்ளே மென்மை இராது. குருவாசான் வெளியே உதிரவும் வேண்டும், உள்ளே இழுத்தால் இழுபடவும் வேண்டும். முரண்பட்ட இரண்டு குணங்களை ஒரே உடம்பில் கேட்கிறது.

இந்தச் செய்முறை முழுவதும் ஒரு வெப்பநிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மடிக்கும்போது வெண்ணெய் 12 முதல் 16 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உடைந்து சில்லு சில்லாகிவிடும். கூடினால் மாவுக்குள் கரைந்து படலங்கள் கலந்துவிடும். சுடுவதற்கு முன் பொங்க விடும் இரண்டு மணி நேரமும் 27 டிகிரியைத் தாண்டலாகாது. தாம்பரத்தில் மே மாதப் பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதை நாம் அறிவோம். மார்கழி விடியலைத் தவிர இங்கே வெண்ணெய் தானாக உறைந்து நிற்கும் நேரம் குறைவு. ஆகவே இந்த ஊரில் நேர்மையான வெண்ணெய்க் குருவாசான் ஒன்று செய்ய, குளிரூட்டிய ஓர் அறையும் இரவெல்லாம் மின்சாரமும் வேண்டும். விலையில் கணிசமான பகுதி அந்தக் குளிருக்கு நாம் கொடுப்பது.

இங்கே ஒரு விலகல். நம் முன்னோர் வெண்ணெயை என்ன செய்தார்கள்? உருக்கினார்கள். நீரை வெளியேற்றி நெய்யாக்கினார்கள். வெயில் நாட்டில் வெண்ணெயைக் கெடாமல் காக்க அதுவே வழி. குருவாசானைத் தூக்கி நிறுத்தும் அந்த நீரைத்தான் நாம் முதல் வேலையாகப் போக்கியிருக்கிறோம்! அதனால் நமக்கு அடுக்குக் கலை தெரியாது என்று பொருளில்லை. பரோட்டா போடுபவரின் கையைப் பாருங்கள். மாவை வீசி மெல்லிய துணியாக்கி, எண்ணெய் தடவி, கொசுவிச் சுருட்டி, கல்லில் சுட்டு, கடைசியில் இரு கைகளாலும் அடித்து அடுக்குகளைப் பிரிக்கிறார். அவர் கையாளுவது திரவமான கொழுப்பு. வெயில் அவருக்குத் தடையாக வரவில்லை. பிரெஞ்சுக்காரர் குளிரை நம்பி அடுக்குகிறார். விருதுநகர்க்காரர் வெப்பத்தோடு ஒத்துப்போய் அடுக்குகிறார். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி எது உயர்ந்தது என்று கேட்பவரை நான் நம்பமாட்டேன்.

குருவாசானின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கட்டுக்கதை மிகுதி. 1683இல் துருக்கியர் வியன்னா நகரை முற்றுகையிட்டபோது, விடியுமுன் விழித்திருந்த ரொட்டிக்காரர்கள் சுரங்கம் தோண்டும் ஓசையைக் கேட்டு நகரைக் காத்ததாகவும், வெற்றியின் நினைவாகத் துருக்கியரின் பிறைச் சின்னத்தை ரொட்டியாகச் செய்ததாகவும் ஒரு கதை உண்டு. அழகான கதை, ஆனால் அக்காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. பிறை வடிவ ரொட்டி ஆஸ்திரியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. கிப்ஃபெல் என்று அதற்குப் பெயர். அதைப் பாரிசில் புகழ்பெறச் செய்தவர் ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர், 1830களின் இறுதியில் பாரிசின் ரிஷெலியூ வீதியில் வியன்னாப் பாணிப் பேக்கரி ஒன்றைத் திறந்தார். பாரிசுக்காரர்கள் மொய்த்தார்கள், பிற கடைக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். சாங் 1848இல் வியன்னா திரும்பி 'டீ பிரெஸ்ஸே' என்ற நாளிதழைத் தொடங்கினார். ரொட்டிக்கடை வைத்திருந்தவர் பத்திரிகை நடத்திய செய்தி, சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட நம் நண்பர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். முன்னது சுடுவதற்கே உரிய தொழில். சாங் விற்ற பிறையில் இன்றுள்ள அடுக்குகள் இல்லை. மடித்து அடுக்கும் முறை பிரெஞ்சுச் சமையல் நூல்களில் தெளிவாக இடம்பெறுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆக, தொன்மையான பிரெஞ்சு மரபு என்று நாம் வியப்பது, ஆஸ்திரியாவிலிருந்து வந்து பாரிசில் உருமாறி, ஏறத்தாழ பாரதியாரின் வசனகவிதைக் காலத்தில் நிலைபெற்ற ஒன்று.

சென்னைக்குப் பேக்கரி புதிதன்று. வேப்பேரியின் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885இலும், மெக்ரெனெட் 1903இலும் தொடங்கியவை. ஆங்கிலேயர் சுவைக்கேற்ற ரொட்டியும் கேக்கும் பிஸ்கட்டும் அவற்றின் வழி இந்நகரத்தாருக்குப் பழகின. 1989இல் எம். மகாதேவன் தொடங்கிய ஹாட் பிரெட்ஸ், கண்ணெதிரே சுட்டு எடுத்துத் தரும் கடை என்ற வழக்கத்தை நடுத்தர வகுப்பாரிடம் பரப்பியது. புதுச்சேரியின் கதை வேறு. 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. பிஸ்ஸி வீதியில் உள்ள பேக்கர் ஸ்ட்ரீட், குயிலாப்பாளையம் பக்கத்து ஆரோவில் பேக்கரி ஆகியவற்றை அந்த ஊருக்குச் சென்ற அன்பர்கள் அறிவார்கள். சனி ஞாயிறுகளில் நம் புறநகரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு ரொட்டிக்காகவே அங்கே போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். நான் திண்டிவனம் வழியாகப் பேருந்தில் போனேன்.

இனி, சுவைத்த முறை. இதில்தான் முதல் சிக்கல் தோன்றியது. நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்க வேண்டும். ஆனால் குருவாசானுக்கு வாழ்நாள் குறைவு. அடுப்பிலிருந்து வந்து அரை மணி முதல் இரண்டு மணி வரை அது தன் உச்சத்தில் இருக்கும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அதன் மேலோடு விரைவில் பதம் இழந்துவிடும். நுங்கம்பாக்கத்தில் காலை எட்டு மணிக்கு வாங்கியதை மின்ரயிலில் தாம்பரம் சானடோரியம் வரை கொண்டுவந்தால், வீட்டை அடைவது வேறொரு பண்டம். அதைத் தின்றுவிட்டுக் கடையைக் குறை சொல்வது அறமாகாது. கடையிலேயே நின்று தின்றாலோ, சென்ற வாரம் தின்றதன் நினைவோடு இன்றைய நாவை ஒப்பிட வேண்டும். நினைவு எப்போதும் தனக்கு வேண்டியவருக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும்.

கவியரங்கத்தில் கேட்ட கவிதையையும் தொகுப்பில் படித்த கவிதையையும் ஒப்பிடும்போது நாம் இதே இடரில் இருக்கிறோம். நான் கண்ட வழி இரண்டு முறை சுவைப்பது. கடையில் ஒருமுறை, அதன் உச்சத்தில். பிறகு வீட்டில் ஒருமுறை. எல்லாவற்றையும் 160 டிகிரியில் ஐந்து நிமிடம் மீண்டும் சூடாக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, எது எந்தக் கடையுடையது என்று தெரியாதபடி தாளில் எண் மட்டும் எழுதி. எண் எழுதியவர் வேறொருவர். சுவைத்தவர்கள் நாங்கள் நால்வர். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: நுண்ணலை அடுப்பில் சூடாக்காதீர்கள். அது தோலை ரப்பராக்கிவிடுகிறது. ஒரு பெரிய வணிக வளாகத்துக் காப்பிக் கடையில், நான் தடுக்குமுன் அவ்வாறு செய்து கொடுத்துவிட்டார்கள். அந்த மாதிரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன்.

எவற்றைப் பார்ப்பது? கையில் எடுத்தவுடன் எடை. நல்ல குருவாசான் கண்ணுக்குத் தெரியும் பருமனைவிடக் கைக்கு இலேசாக இருக்கும். அடுத்து நிறம். வெளிர் மஞ்சளில் நின்றுவிட்டால் வேக்காடு போதாது. ஆழ்ந்த பழுப்பு வேண்டும், தேன் நிறத்தையும் தாண்டி. நம் ஊரில் கடைக்காரர்கள் கருகிவிட்டது என்று வாடிக்கையாளர் சொல்வாரோ என அஞ்சி முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஓசை, பிட்டால் சருகு நொறுங்கும் ஓசை கேட்க வேண்டும். பிறகு குறுக்கே வெட்டிய முகம்: சுருளாகச் சுற்றிச் செல்லும் அறைகள், மெல்லிய சுவர்கள். வெண்ணெய் உருகி மாவில் கலந்திருந்தால் இந்த இடம் சாதாரண பன்னைப் போல அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே மஞ்சள் நிறம் இல்லையே என்று மட்டும் குறை சொல்லக்கூடாது. பசுவின் வெண்ணெய் மஞ்சள். எருமை வெண்ணெய் வெள்ளை. நிறத்தை வைத்துத் தரம் பார்ப்பது இங்கேயும் பிழையே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சோதனை உண்டு. அதை நான் மேலண்ணச் சோதனை என்று அழைக்கிறேன். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடுகிறது. நம் வாயின் வெப்பம் ஏறத்தாழ 37. ஆகவே வெண்ணெய்க் குருவாசானை விழுங்கியபின் வாய் தூய்மையாகிவிடும். மணம் மட்டும் சிறிது நேரம் நிற்கும். வெயிலைத் தாங்குவதற்கென்று செய்யப்படும் அடுக்கு மார்ஜரின் 40 டிகிரிக்கு மேல்தான் உருகுகிறது. அது வாயில் உருகாது. நாக்கின் நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தால் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் இருக்கும். சூடான காப்பி குடித்தால்தான் போகும். மார்ஜரினைக் குறை சொல்லவில்லை. 1869இல் பிரான்சில் இப்போலித் மேஜ்-மூரியே அதைக் கண்டதே, வெண்ணெய்க்கு விலைகுறைந்த மாற்று வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவித்ததன் விளைவு. ஏழைக்கும் படைவீரனுக்கும் என்று பிறந்த பொருள். நம் நாட்டில் 1937இல் டால்டா வந்தது. எத்தனையோ வீட்டுத் திருமணங்களில் நெய்யின் இடத்தில் அதுதான் நின்றது.

இப்போது தீர்ப்புகள். கடைப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரு காலைப்பொழுதின் ஒரு தட்டை வைத்து ஒருவர் பிழைப்பைப் பற்றி அச்சில் எழுதுவது முறையன்று.

அடையாற்றுப் பக்கம் ஒரு சிறு கடை, வார இறுதியில் மட்டும் குருவாசான் போடுகிறது. கடையில் தின்றபோதும் வீட்டில் எண் போட்டுத் தின்றபோதும் எங்கள் நால்வரில் மூவர் அதையே முதலாவதாக வைத்தோம். அறைகள் ஒழுங்காக இருந்தன. உப்பு அளவாக இருந்தது. வாயில் எச்சம் இல்லை. புதுச்சேரியில் வாங்கியது மணத்தில் அதை விஞ்சியது என்று நான்காமவர் வாதிட்டார். வெண்ணெயைச் சற்றுப் புளிக்க வைத்துக் கடைந்தால் வரும் மணம் அதில் இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அடிப்பகுதி எண்ணெயில் பொரித்ததுபோல் இருந்தது. பொங்கும்போது அறை சூடாகி வெண்ணெய் ஒழுகியதன் அடையாளம் அது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் வாங்கியது பார்வைக்குக் குறையற்றது, ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவு; உறைய வைத்த மாவைச் சுட்டது என்று நினைக்கிறேன். தின்றபின் எதுவும் நினைவில் நிற்கவில்லை. இதைவிடக் கடுமையாக நான் எந்தக் கவிதைத் தொகுதியைப் பற்றியும் சொன்னதில்லை.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் 'பட்டர் குருவாசான்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. விலை இருநூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மேலோடு பளபளத்தது; பிட்டபோது ஓசையும் வந்தது. விழுங்கியபின் மேலண்ணத்தில் அந்த மெழுகு. எண் போட்டு மறைத்துச் சுவைத்தபோதும் நால்வரும் தனித்தனியே அதையே எழுதினோம்.

சிட்லபாக்கத்தில், நம் ஏரிக்கரைக்குச் சற்றுத் தொலைவில், மாலை நான்கு மணிக்கு வெஜ் பப்ஸும் தேங்காய் பன்னும் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே நாற்பத்தைந்து ரூபாய்க்குக் குருவாசான் கிடைக்கிறது. நன்றாக வளைந்த பிறை. "வெண்ணெயா?" என்று கேட்டேன். மாவு தேய்ப்பவர் தலையை நிமிர்த்தாமல், "இல்லீங்க சார், மார்ஜரின்தான். இந்த வெயில்ல வெண்ணெய் நிக்காது. நின்னாலும் அந்த வெலைக்கு இங்க யாரு வாங்குவாங்க?" என்றார். அவருடைய பிறையிலும் மெழுகு இருந்தது. ஆனால் அடுக்கு அற்புதமாக இருந்தது. முப்பது டிகிரிக்கு மேற்பட்ட அறையில், மின்விசிறியின் அடியில், அவ்வளவு சீராக மடிப்பது எளிதான செயலன்று. கைத்திறனுக்கு மட்டும் பரிசு என்றால் அவருக்கே கொடுப்பேன்.

இந்த இரண்டு கடைகளையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டிலும் கொழுப்பு ஒன்றே. நாவுக்குக் கிட்டிய குறையும் ஒன்றே. ஆயினும் ஒன்றை நான் குற்றம் சொல்கிறேன், மற்றொன்றைப் பாராட்டுகிறேன். விலை காரணமா என்று நண்பர்கள் கேட்டார்கள். இல்லை; பெயர் காரணம். வெண்பா என்று தலைப்பிட்டுத் தளை தட்டினால் நாம் விடுவதில்லை. அதே வரிகளைப் புதுக்கவிதை என்று தந்திருந்தால் தளையைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டோம். வேறு அளவுகோலை எடுத்திருப்போம். எழுதுபவர் தம் படைப்புக்கு இடும் பெயர் அவர் வாசகனுக்குத் தரும் வாக்கு. அந்த வாக்கை வைத்தே வழக்கை நடத்த வேண்டும். பப்ஸைத் தோற்றுப்போன குருவாசான் என்பதும், பரோட்டாவைப் படியாத பப்ஸ் என்பதும், புதுக்கவிதையை யாப்பு தெரியாதவன் செய்த வெண்பா என்பதும் ஒரே வகைப் பிழை. பட்டர் என்று எழுதிவிட்டு வேறொன்றை வைப்பது இன்னொரு வகை. முன்னது விமர்சகன் செய்யும் பிழை, பின்னது படைப்பவன் செய்வது.

பெயரைக் காப்பதில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டிப்பானவர்கள். மரபுவழி ரொட்டி என்ற பெயருக்கு 1993இல் ஓர் ஆணை இட்டார்கள். அதில் மாவை உறைய வைக்கக்கூடாது, சேர்மானங்கள் கூடாது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த இடத்திலேயே மாவு பிசைந்து சுடாத கடை தன்னை பூலாஞ்ஜெரி என்று அழைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்தச் சட்டம் காப்பது ரொட்டியை. குருவாசான் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. தொழிற்சாலையில் உறைய வைத்து வரும் பிறைகளைப் பிரான்சின் பல கடைகள் வாங்கிச் சுட்டு விற்கின்றன. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. முழு வெண்ணெயில் செய்ததை நேராகவும், பிற கொழுப்பில் செய்ததை வளைத்தும் வைப்பார்கள். சட்டமன்று, கடை மரபு. இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. பிறை என்ற பெயருக்குரிய வடிவம் வெண்ணெய் இல்லாததற்குப் போய்விட்டது. உயர்ந்தது எனப்படுவது பிறையாக இல்லை. சிட்லபாக்கத்துக்காரர் தம் பிறையை நன்றாக வளைத்து வைத்தபோது, தாம் அறியாமலே பாரிசின் மரபுப்படி உண்மை பேசியிருக்கிறார்.

அப்படியானால் அளவுகோல் பாரிசிலிருந்துதான் வரவேண்டுமா என்று நம் இளைய கவிஞர் ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். மேலைநாட்டு விமர்சனக் கோட்பாடுகளைப் பற்றி இங்கே நடந்த பழைய சண்டையின் தொடர்ச்சி இது என்று எனக்குத் தெரியும். குருவாசான் என்ற பெயரை எடுத்துக்கொண்டவருக்கு அங்கிருந்து வரும் அளவுகோல் பொருந்தும் என்பதே என் நிலை. அந்த அளவுகோலைக் கையாளும் உரிமை பிறப்பால் வருவதன்று. பாரிஸ் மாநகராட்சி 1994 முதல் ஆண்டுதோறும் சிறந்த பகெத் ரொட்டிக்குப் பரிசு தருகிறது. பகெத் என்பது நீண்ட கோல் ரொட்டி. கடைப் பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து நடுவர்கள் சுவைக்கிறார்கள். தோற்றம், வேக்காடு, மணம், உள்ளமைப்பு, சுவை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். நீளமும் எடையும் விதித்த அளவுக்குள் இல்லாதவை சுவைக்கப்படாமலே விலக்கப்படுகின்றன. 2023இல் அந்தப் பரிசைப் பெற்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையில் பிறந்து 2006இல் பிரான்சுக்குச் சென்ற தமிழர். நாலாயிரம் யூரோ பரிசு. அதனோடு ஓராண்டுக் காலம் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பெருமை. ஈழத்தில் ரொட்டிக்குப் பாண் என்று பெயர். போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். பாண் என்று சொல்லி வளர்ந்த சமூகத்திலிருந்து வந்தவர், பிரெஞ்சுக்காரர் தம் உயிரினும் மேலாகக் கருதும் ரொட்டியில் அவர்களுடைய விதிப்படியே முதலில் வந்தார். எண்ணை மறைத்து வைத்திராவிட்டால் அந்தத் தீர்ப்பு எளிதாக வந்திருக்குமா என்று எனக்கு ஐயம் உண்டு. நம் கவிதைப் போட்டிகளில் பெயரை மறைக்க வேண்டும் என்று நான் மூன்று கூட்டங்களாக வற்புறுத்தி வருவதற்கு இதையும் ஒரு சான்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காப்பியில் தோய்த்துத் தின்னலாமா என்பது எஞ்சிய கேள்வி. பிரெஞ்சுக்காரர்களே பால் காப்பியில் தோய்க்கிறார்கள். நம் ஃபில்டர் காப்பியில் தோய்த்தால் மேலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தோய்த்தபின் அடையாற்றுப் பிறையும் குரோம்பேட்டைப் பிறையும் ஒன்றாகிவிடுகின்றன. இன்பத்துக்குத் தோய்க்கலாம்; தீர்ப்புச் சொல்லும் நாளில் வேண்டாம். இசையமைத்துப் பாடிய கவிதைக்கும் இது பொருந்தும் என்று ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர் சொன்னதாகவே இருக்கட்டும்.

மேசைமேல் மூன்று தட்டுகள் மூடிவைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் வெண்ணெயில் செய்தது, ஒன்றில் மார்ஜரினில் செய்தது. மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். துண்டுகளாக வெட்டியிருப்பதால் வளைவை வைத்து ஊகிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுக்கப்படும். எண்ணுக்கு எதிரே, நாவை மேலண்ணத்தில் தடவிப் பார்த்தபின், உங்கள் கருத்தை எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்க வேண்டாம்; மூத்த கவிஞர்களுக்கும் இது பொருந்தும். விடை எழுதிய உறை தலைவரிடம் இருக்கிறது. தாள்கள் வந்து சேர்ந்தபிறகே காப்பி தரச் சொல்லியிருக்கிறேன்.